ஏழு ஜோடிக் கால்

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊருக்கு முன்னால் எங்கள் மலை வந்துவிடும். நீட்டிப் படுத்த பாம்பு மாதிரி இருக்கும். சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிவிட்ட பாம்பு சொக்கநாதர் அருளால் மலையாகிப்போனது, அதுதான் நாகமலை என்பது கதை. யானைமலைக்கும் பசுமலைக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஒரு மலைத்தொடரையே பாம்பு என்று அடையாளம் கண்டு, அதன் காலடியில் (பாம்புக்கு ஏது கால்?) நிம்மதியாகக் குடியிருக்கிற நாகமலை புதுக்கோட்டையில், ஒரு மில்லிமீட்டர் பூச்சியை நான் தப்பாக அடையாளம் கண்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வினை மண்டபத்தில் ஆரம்பித்தது. இராமேஸ்வரம் போகிற வழியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகத்துக்குள் நுழைந்தோம். அந்த நிறுவனத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடம்; பிறகுதான் கொச்சிக்குப் போனது. மனைவியும் மகளும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போய் வெள்ளரிப்பிஞ்சு தின்றார்கள். நான் மட்டும் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். எங்களில் யார் கோமாளி என்பது அப்போது முடிவாகவில்லை.

அடுத்த மாதம் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஹாலுக்கு வந்தது. டிவி இருந்த இடத்தில் தொட்டி, டிவி படுக்கையறைக்கு, படுக்கையறை பீரோ அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து அம்மா இரவில் எழுந்து நடந்தால் பீரோவில் முட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்வாள்.

கடலுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் கடலை வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தண்ணீர் 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் நேராகக் காபி போடலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தானே ஒழிய உப்பு இல்லை. நான் மூன்று வாரம் உப்புத் தண்ணீரையே ஊற்றிக் கிட்டத்தட்ட கருவாட்டுப் பானை ஆக்கிவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஆவியாதல் பாடத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கியவன் நான்.

பவளப்பாறைத் துண்டு போடக் கூடாது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; புலிக்கு உள்ள அந்தஸ்து. ஆகையால் சுட்ட மண்ணில் செய்த பாறை வாங்கினேன். இருந்தாலும் கடல் களை வரவில்லை. இரண்டாவது தடவை மண்டபம் பக்கம் போனபோது, பாசி எடுக்கிற அம்மா ஒருவரிடம் கஞ்சிப்பாசி ஒரு கை வாங்கிக்கொண்டு வந்தேன். கடல்பாசி காய்ச்ச உதவுகிற பாசிதான். தலையில் சுருமாடு வைத்த மாதிரி கொத்துக்கொத்தாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டேன்.

மூன்றாம் வாரம் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள்.

வெள்ளைப்புள்ளி நோய் என்று உடனே கண்டுபிடித்தேன். செப்பு கலந்த மருந்து வாங்கி வந்து மூடியைத் திருகும்போது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் கேட்டாள்: "அப்பா, நோய் நடக்குமா?"

குனிந்து பார்த்தேன். நோய் நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்பதுகூடத் தப்பு. நின்று, ஒரு சுண்டு சுண்டி, மறுபடி நின்று, டவுன் பஸ் மாதிரி போனது. செப்பை ஊற்றியிருந்தால் இறால், நண்டு வகை உயிர் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த வகைக்குச் செப்பு ஆலகாலம்.

அன்று மாலை வீட்டில் பட்டிமன்றம். மனைவி கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டு, "சென்னாக்கூனிங்க. காயவச்சு வறுத்துப் பொடிச்சா இட்லிக்கு நல்லாருக்கும். இதுக்கா இம்புட்டுக் காசு?" என்றாள். மச்சினன், "மாமா, கொசுப்புழு. டெங்கு வந்துரும்" என்றான். அம்மா தூரத்திலிருந்தே, "அரிசியில வர்ற வண்டு மாதிரி இருக்கு, வேப்பிலையப் போடு" என்றாள். நான் எல்லாருக்கும் பொதுவாக, "இது பிளாங்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பிளாங்டன் என்றால் மிதந்து திரிவது என்று பொருள். ஒட்டிக்கொண்டு ஊர்கிற ஒன்றைப் பார்த்து அப்படிச் சொல்வது, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரைப் பயணி என்று சொல்வதற்குச் சமம். ஆனால் அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

மகள்தான் வழி கண்டாள். செத்துப்போன டிவிடி பிளேயரைப் பிரித்து அதிலிருந்த உளுந்தளவு லென்ஸைக் கழற்றி, என் செல்போன் கேமரா மேல் ஒட்டினாள். காது மருந்து ஃபில்லரில் ஒரு சொட்டு உறிஞ்சி வெள்ளைச் சாஸரில் விட்டாள். திரையில் ஒரு கண்ணீர்த்துளி தெரிந்தது. முன்னால் பருத்து, பின்னால் வாலாய் மெலிந்து. வயிற்றோரம் முட்டை மூட்டை, பஸ்ஸேறப் புறப்பட்ட பெண்பிள்ளை பையைப் பிடித்த மாதிரி. நெற்றி நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கண்.

கோபிபாட். உலகத்துக் கடல்களிலும் குளங்களிலும் எண்ணிக்கையில் இதற்கு நிகரான விலங்கு அபூர்வம். முட்டையிலிருந்து வரும்போது அம்மாவைப் போலவே இருக்காது. ஆறு படி ஒரு வடிவம், பிறகு ஐந்து படி இன்னொரு வடிவம், ஒவ்வொரு படிக்கும் சட்டையை உரித்துப்போட்டுவிட்டுத்தான் பெரிய ஆளாகும். என் தொட்டியிலிருந்த "நான்கு வகைப் பூச்சிகள்" என்று நோட்டில் எழுதிவைத்திருந்தவற்றில் மூன்று, ஒரே குடும்பத்தின் குழந்தைகள்.

சட்டை உரிக்கும் விஷயத்தில் நான் ஏற்கெனவே அவமானப்பட்டவன். தொட்டியில் ஒரு சிவப்பு இறால் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அது மல்லாந்து கிடந்தது. மீசை முதல் வால் வரை அப்படியே. கடைக்காரரைக் கூப்பிட்டுச் செத்த சரக்கை விற்றீர் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, "சார், பாறை இடுக்குல பாருங்க" என்றார். உள்ளே புதுச்சட்டையில் இறால் உட்கார்ந்து, தன் கருமாதியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஒற்றைக் கண்ணுக்கு வருவோம். திரையை அம்மாவிடம் காட்டினேன், அரிசி வண்டு இல்லை என்று நிரூபிக்கும் ஆசையில். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது எங்க ஊருணித் தண்ணியில இருந்த பூச்சிடா. டம்ளரை வெயிலுக்குப் பிடிச்சா துள்ளுறது தெரியும். இத வடிகட்டாமக் குடிச்சுத்தான் எங்கய்யாவுக்கு நரம்புச் சிலந்தி வந்துச்சு."

வழக்கம்போலச் சிரிக்க வாயெடுத்தேன். நல்லவேளை, முழுதாகச் சிரிக்கவில்லை. அம்மா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஊருணியில் இருந்தது இதன் நன்னீர்ப் பங்காளி. சைக்ளாப்ஸ் என்று பெயர். ஒற்றைக்கண் அரக்கனின் கிரேக்கப் பெயர் அது. நரம்புச் சிலந்தியின் குஞ்சு அந்தப் பூச்சிக்குள் இருக்கும். தண்ணீரோடு விழுங்கியவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் வந்து உடைந்து, மீட்டர் நீளப் புழு தலையை நீட்டும். குச்சியில் சுற்றி நாளுக்கு ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்தால் கால் போச்சு. காலை ஆற்றிக்கொள்ளப் படிக்கிணற்றில் இறங்கினால் அடுத்த தலைமுறைக் குஞ்சு தண்ணீரில் கலக்கும். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும் படிக்கிணற்றை மாற்றியும்தான் நாடு இதிலிருந்து மீண்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல், ராஜஸ்தானில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட நாடு என்று அறிவித்தது. எங்கள் தாத்தா திண்ணையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அம்மா சொன்னாள். நான் போனை அணைத்துவிட்டேன்.

கீழக்குயில்குடிச் சமணர் மலை எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருடத்துத் தீர்த்தங்கரர்கள் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சமணத் துறவிகளும் தண்ணீரை வடிகட்டித்தான் குடித்தார்கள். அவர்கள் வடிகட்டியது பூச்சி பிழைக்கட்டும் என்று. என் அம்மா வடிகட்டியது அய்யா பிழைக்கட்டும் என்று. துணி ஒன்றுதான். நான் மட்டும்தான் இந்த வட்டாரத்தில் பூச்சிக்காகத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியவன். கடல் கோபிபாடால் நரம்புச் சிலந்தி வராது என்று எத்தனை சொல்லியும் அம்மா நம்பவில்லை. மறுநாளிலிருந்து அடுப்படிக் குழாய் வாயில் பழைய வேட்டித் துண்டு கட்டியிருக்கிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வருகிற தண்ணீருக்கு.

மச்சினனின் கொசுப்புழுக் கட்சிக்கும் ஒரு நாள் வந்தது. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற அக்கா டிரம்மைத் திறந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, கடைசியில் தொட்டி முன்னால் நின்றார்.

"சார், இதுல என்னமோ ஓடுது."

இந்தக் கேள்விக்காகவே நான் பல இரவு தூங்காமல் இருந்தேன். "இது கோபிபாடும்மா. வியட்நாம்ல கிராமத்துத் தண்ணித் தொட்டியில மீசோசைக்ளாப்ஸ்னு ஒரு கோபிபாட விட்டே டெங்குக் கொசுப்புழுவ ஒழிச்சிருக்காங்க. அது புழுவத் தின்னுரும்."

"அந்தப் பூச்சிதானா சார் இது?"

"இல்ல, அது நல்ல தண்ணிப் பூச்சி. இது கடப்பூச்சி."

"அப்ப இது புழுவத் திங்காதா?"

"தின்னாது. ஆனா கடத்தண்ணியில டெங்குக் கொசு முட்டையே போடாது."

"அப்ப வியட்நாம் எதுக்கு சார்?"

சுவரில் தேதியை எழுதிவிட்டுப் போய்விட்டார். மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்கினாள்.

பாசிக்கொத்திலிருந்து பெரிய ஆட்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு, கைலியோடு தரையில் படுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அதுகளை அவ்வளவாக மிரட்டாது. தூக்கம் கலைந்து வந்த மனைவியை நன்றாகவே மிரட்டியது. "பூச்சி பாக்குறேன்" என்றேன். "அடுப்படி சிங்க்குக்குக் கீழ நெறையா இருக்கு. அதையும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இங்கேதான் மகள் எனக்கு வித்தை கற்றுக்கொடுத்தாள். நிறத்தைப் பார்க்காதே, அளவைப் பார்க்காதே. எந்தப் பக்கம் தட்டை என்று பார். கதவிடுக்கில் மாட்டியவன் மாதிரி பக்கவாட்டில் நசுங்கி, முதுகு வளைந்து, கமா போட்டது போல் இருந்தால் ஆம்ஃபிபாட். மேலிருந்து சப்பாத்திக்கட்டையால் உருட்டியது மாதிரி தட்டையாக இருந்தால் ஐசோபாட். துவரம்பருப்புக்கு உயிர் வந்து இரண்டு ஓட்டுக்குள்ளிருந்து காலை நீட்டினால் ஆஸ்ட்ரகாட். வால் துடுப்பில் இரண்டு கண்ணாடி உருண்டை மின்னினால் மைசிட். அது அந்த உருண்டையை வைத்துத்தான் மேல் எது கீழ் எது என்று தெரிந்துகொள்கிறது. எனக்கும் ஒரு ஜோடி இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆம்ஃபிபாடுக்கும் ஐசோபாடுக்கும் ஏழு ஜோடிக் கால். ஐசோபாடுக்கு ஏழும் ஏறக்குறைய ஒரே மாதிரி. "ஐசோ" என்றால் சமம். ஆம்ஃபிபாடுக்குச் சில முன்பக்கம் பார்க்கும், சில பின்பக்கம். "ஆம்ஃபி" என்றால் இருபுறமும். கூனி என்ற பெயர் உண்மையில் இந்த ஆம்ஃபிபாடுக்குத்தான் பொருந்தும்; அந்தக் கூனும் அந்தச் சுறுசுறுப்பும் கைகேயி வீட்டில் வேலை பார்த்த லட்சணம்.

சொல்வதற்குச் சுலபம். சாஸரில் துள்ளுகிற ஒன்றுக்குக் கால் எண்ணிப் பாருங்கள். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் என்று வெளியிலிருந்து எண்ணுவது மாதிரி. முதல் தடவை பதின்மூன்று வந்தது. அடுத்து பதினைந்து. "அப்பா, ரெட்டைப்படையில வந்தாத்தான் செல்லும்" என்றாள் மகள்.

அப்புறம் ஒரு இரவு இருபத்தெட்டு வந்தது.

மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டு. பதினான்கு ஜோடிக் கால். மேலும் கீழுமாக இரண்டு தலை மாதிரி. உலகத்தில் இல்லாத உயிர். அந்த நேரத்தில் எழுப்ப ஆளில்லாமல், நோட்டை எடுத்துப் பெயர் வைக்கத் தொடங்கினேன். ஊர்ப் பெயரை லத்தீனில் மாற்றி "நாகமலையென்சிஸ்". முன்னால் மனைவி பெயரைப் போட்டால் வீட்டில் ஆறு மாதத்துக்குச் சமாதானம் இருக்கும் என்று ஒரு கணக்கு.

காலையில் காட்டினேன். மகள் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருப்பா" என்றாள்.

ஆம்ஃபிபாட் கணவர், மனைவி சட்டை உரிக்கிற நாள் வரும்வரை அவளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாட்கணக்கில் சுமந்து திரிவாராம். அந்தச் சட்டை உரிப்புக்குப் பிறகுதான் முட்டை. முட்டையையும் அவள் கடலில் விடுவதில்லை, மார்புக்கடியில் ஒரு பையில் வைத்துக்கொள்வாள். இதையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி காபியைக் கீழே வைத்தாள்.

"நாட்கணக்குலயா?"

"ஆமா."

"நான் மாட்டுத்தாவணி வரைக்கும் வண்டியில கொண்டு விடுங்கன்னு கேட்டு நாலு நாளாச்சு."

தன் பெயரைப் பூச்சிக்கு வைக்கப்போன விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

புது உயிர் கண்டுபிடிக்கும் ஆசை எனக்கு நூறு வருடத்துக்கு மேல் தாமதமாக வந்திருக்கிறது என்பது பிறகு புரிந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி ஏன் விளையவில்லை என்று பார்க்க 1902இல் ஹெர்ட்மேன் என்கிற லிவர்பூல் பேராசிரியர் இலங்கைக்கு வந்தார். முத்தைப் பார்க்க வந்தவர் கடலில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிப்போனார். அவர் கொண்டுபோன கோபிபாடுகளை மட்டும் வைத்து 1903இல் தாம்ஸனும் ஸ்காட்டும் ஓர் அறிக்கை எழுதினார்கள். 1904இல் ஆம்ஃபிபாடுகளுக்கு வாக்கர் ஓர் அறிக்கை. 1905இல் ஐசோபாடுகளுக்கு ஸ்டெபிங் ஓர் அறிக்கை. முத்து எடுத்தவர்கள் பணக்காரர் ஆனார்கள்; இவர்கள் கால் எண்ணினார்கள். நம் ஆளும் சும்மா இருக்கவில்லை: 1959இல் சென்னைக் கடற்கரை ஆம்ஃபிபாடுகளைப் பற்றி நாகப்பன் நாயர் எழுதியதை எழும்பூர் அருங்காட்சியகம் வெளியிட்டது. வரைபடத்தில் ஒவ்வொரு காலும் தனித்தனியாக, கணுக்கணுவாக, மயிர் உட்பட வரையப்பட வேண்டிய வேலை அது. நான் மொத்தக் கால் எண்ணிக்கையையே மூன்று விதமாகச் சொல்கிறவன்.

இடையில் ஒரு விபத்து. மீன் குஞ்சுக்கு உணவாக ஆர்ட்டீமியா முட்டை வாங்கியிருந்தேன். தூத்துக்குடி உப்பளங்களில் வாழ்கிற உயிர் அது. முட்டை காய்ந்து வருடக்கணக்கில் தூங்கும், உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் எழுந்து நீந்தும். பார்க்கப் பழுப்பாக, பொடியாக இருக்கும். ஃபிரிட்ஜில் கசகசா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மாமனார் வீட்டார் வந்த அன்று செய்த குருமாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நன்றாக இருந்ததாக அவர்கள் மட்டும் இன்னும் சொல்கிறார்கள்.

தட்டைப் பூச்சி வந்தபோதுதான் உண்மையில் பயந்தேன். ஐசோபாடில் ஒரு கூட்டம், இளம் வயதில் மீனின் ரத்தம் குடிக்கும். இன்னொரு கூட்டம் மீன் வாய்க்குள் புகுந்து நாக்குக்குப் பதிலாகத் தானே உட்கார்ந்துகொள்ளும். கோமாளி மீன் வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே டார்ச் அடித்தேன். மூன்றாம் இரவு மகள் அந்தப் பூச்சியை ஃபில்லர் நுனியால் தொட்டாள். அது உருண்டையாகச் சுருண்டுகொண்டது. பாசி சுரண்டித் தின்கிற சாது. செடித்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் உருளுமே, அதுவும் ஐசோபாட்தான். கடலை விட்டுக் கரையேறிவிட்ட சொந்தம். அதைக் கேட்ட மனைவி, "அப்ப இத்தன நாளா நம்ம ரோஜாத் தொட்டியிலயே ஓசியில இருந்திருக்கு" என்றாள்.

கடைசியாகச் சத்தம். போன மாதம், எல்லாரும் படுத்த பிறகு, தொட்டிப் பக்கத்திலிருந்து "டிக்". கொஞ்சம் விட்டு, "டிக், டிக்."

எனக்குத் தெரியும் அது என்னவென்று. கொடுக்கை மடக்கி விடுவித்து நீரில் ஒரு குமிழியை உண்டாக்கி, அந்தக் குமிழி உடைகிற சத்தத்திலேயே இரையை மயக்குகிற இறால் ஒன்று உண்டு. அதையும் மிஞ்சியது, கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருக்கும் மான்டிஸ் இறால். அதன் குத்து விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும் என்று 2004இல் அளந்திருக்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியையே உடைக்கும் என்று மீன் வளர்க்கிறவர்கள் பயமுறுத்துவார்கள். கஞ்சிப்பாசியோடு குழந்தையாக வந்து, பாறைக்குள் வளர்ந்து, இப்போது வயதுக்கு வந்துவிட்டது. சந்தேகமே இல்லை.

மோட்டாரை நிறுத்திக் கேட்டேன். டிக். கோமாளி மீன்களை வாளிக்கு மாற்றினேன். கண்ணாடி உடைந்தால் தண்ணீர் பாய்கிற பாதையில் கோணிச்சாக்கு விரித்தேன். நான்கு இரவு காவல். ஒவ்வொரு டிக்குக்கும் கட்டிலிலிருந்து அம்மா தரையைத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" என்பாள். இரண்டாம் இரவே சொன்னாள், "தெக்க இருந்து சொல்லுதுடா. யாரோ வர்றாக." இது கடல் விஷயம், உனக்குப் புரியாது என்றேன். அவளுக்கு நான் இந்த பதிலைச் சொல்வது இது எத்தனையாவது முறை என்று எண்ணியிருந்தால் ஒழுங்காக எண்ணிய ஒரே கணக்கு அதுவாக இருந்திருக்கும்.

ஐந்தாம் இரவு மகள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த தெர்மாகோல் அட்டையை ஓர் ஓரமாக விலக்கினாள். உள்ளே கொழுத்த பல்லி ஒன்று. தொட்டி விளக்குக்கு வருகிற ஈசலையும் பூச்சியையும் தின்று தின்று, வால் உருளைக்கிழங்கு மாதிரி ஆகியிருந்தது. எங்களைப் பார்த்து ஒரு "டிக்" சொல்லிவிட்டுச் சாவகாசமாக அட்டைக்குப் பின்னால் போனது.

கோணிச்சாக்கைச் சுருட்டினேன். வாளியிலிருந்த மீன்களைத் திருப்பி விட்டேன். விளக்கை அணைக்கப் போகும்போது கட்டிலிலிருந்து அம்மா குரல் வந்தது.

"எத்தன காலுன்னு எண்ணிட்டியாடா?"